முன் டயர்

லாரியின் மறுபக்கம் ஒதுங்கி நின்று ஈவாஞ்சலின் காதைத் தீட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளையூரணி டயர் கடைக்கு அவள் சொல்லாமல் வந்திருந்தாள். ஷேர் ஆட்டோவை முன்னாலேயே நிறுத்தி இறங்கி, வேலிக்கருவை ஓரமாக நடந்ததில் செருப்பெல்லாம் புழுதி.

லாரி அவளுடையது. உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு உப்பு ஏற்றும் பத்துச் சக்கர லாரி. முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. டிரைவர் மாசானம் அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கடைக்காரன் பாண்டியராஜ்.

இருவரும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரஸர் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை.

காற்றுப் பிடிப்பது கால் மணி நேர வேலை. மாசானம் வந்தால் அரை நாள் ஆகிறது. கேட்டால் பதில் தயாராக இருக்கும். உப்பளப் பாதை முழுக்கச் சரளைக்கல், பின்னால் ஜோடிச் சக்கரத்துக்கு நடுவில் ஒரு கல் மாட்டினால் இரண்டு டயரும் போய்விடும், பக்கவாட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று கையை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும் என்பான்.

எல்லாம் சரிதான். அவ்வளவு சரியாக இருப்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

கணவன் விக்டர் இறந்த இந்த இரண்டு வருஷமும் அவள் மாசானத்தைக் கண்ணிலிருந்து விட்டதில்லை. யாரோடு டீ குடிக்கிறான். போனில் யாரோடு சிரிக்கிறான். தன்னைக் கண்டதும் ஏன் பேச்சை நிறுத்துகிறான். ஏரலுக்கு, சொந்த ஊருக்குப் போய்விட்டு வந்தால், அங்கே யார் யாரைப் பார்த்தான் என்றுகூட விசாரித்தாள்.

“அந்தப் பயல இன்னுமா வச்சிருக்க?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

வேறு டிரைவர் கிடைக்கவில்லை என்று சொல்லிவந்தாள். நாலு பேர் வந்து கேட்டிருந்தார்கள். நாலு பேரையும் திருப்பி அனுப்பியிருந்தாள்.

பிள்ளைகளோடு அவள் இருந்தது மாமியார் ஆக்னஸின் வீட்டில். ஆக்னஸுக்கு அவன் பெயரைக் கேட்டாலே ஆகாது. விக்டரின் துஷ்டி வீட்டில், அத்தனை பேர் முன்னால், அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, என் பிள்ளையைத் தின்னுட்டியே என்று கதறினாள். அவன் அசையாமல் நின்றான்.

எல்லாம் ஒரு டயரால். பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர். பின்சக்கரத்துக்கு ஓடும், முன்சக்கரத்துக்கு ஆகாது. கரடு முரடான பாதையில் முன்னால் ரப்பர் உரிந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. அன்று ஓட்டிப் போன விக்டருக்கும் நிற்கவில்லை. லாரி உப்பாற்று ஓடையில் கவிழ்ந்தது. அந்த டயரை அன்று மாட்டியவன் மாசானம். அவனே போலீசில் ஒத்துக்கொண்டான், வீட்டிலும் ஒத்துக்கொண்டான்.

கம்ப்ரஸர் நின்றது.

பாண்டியராஜின் குரல் தெளிவாகக் கேட்டது. அவன் இந்தக் கடைக்கு வந்தே ஆறு மாதம்தான்.

“ஏன் அண்ணாச்சி, முன்னாடிக்கு ரீட்ரெட் ஆகாதுன்னு ஊருக்கே பாடம் எடுக்கிய. அன்னைக்கு மட்டும் எப்படி மாட்டுனிய?”

ஈவாஞ்சலின் லாரியின் பலகையைப் பற்றிக்கொண்டாள். இதைக் கேட்கத்தான் அவள் ஆட்டோ பிடித்து வந்தாள்.

மாசானம் டயரை உள்ளங்கையால் தடவும் சத்தம் மட்டும் வந்தது.

“எனக்குப் புத்தி இல்லடே. கப்பல் நிக்கு, லோடு போவணும்னு அவசரப்பட்டுட்டேன்.”

“யாரும் சொல்லாமலா?”

“யாரு சொல்லணும்? நான்தான்.”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அடுத்த பேச்சில் தன் பெயர் வரும் என்று நின்றாள். வரவில்லை. மாசானம் நட்டு முறுக்கத் தொடங்கிவிட்டான்.

தான் இல்லாத இடத்திலும் அதே பொய்.

அன்று காலை மாசானம் விக்டரைத்தான் போனில் கூப்பிட்டான். விக்டர் குளித்துக்கொண்டிருந்தான். எடுத்தது ஈவாஞ்சலின். புது டயர் நாளைக்குத்தான் வரும், கடையில் ரீட்ரெட்தான் கிடக்கிறது, இன்றைக்கு வண்டி எடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள் என்றான்.

கப்பல் நமக்காக நிற்குமா, இருப்பதை மாட்டு என்றாள் அவள். நான் மாட்ட மாட்டேன் மதினி என்று இரண்டு தரம் சொன்னான். அப்படியானால் நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

குளித்துவிட்டு வந்து வண்டி எடுக்கக் கிளம்பிய விக்டரிடம் எதுவும் சொல்லவில்லை.

என்றைக்காவது ஒருநாள் இவன் வாயைத் திறப்பான் என்றுதான் இரண்டு வருஷமாகப் பின்னாலேயே அலைந்தாள். சும்மா ஒருவன் அடுத்தவர் பழியைச் சுமப்பானா? எதற்கோ இதைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று எண்ணாத நாளில்லை.

லாரியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். மாசானம் பதறி எழுந்தான்.

“எப்ப வந்திய மதினி?”

அவள் பாண்டியராஜைப் பார்த்துப் பேசினாள்.

“அன்னைக்கு இவன் மாட்ட மாட்டேன்னுதான் சொன்னான் தம்பி. மாட்டச் சொன்னது நான்.” குரல் உடையாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “வீட்டுக்குப் போயி மாமிகிட்டயும் சொல்லிருதேன்.”

பாண்டியராஜ் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கம்ப்ரஸர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாசானம் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“வேண்டாம் மதினி,” என்றான் மெதுவாக. “பிள்ளையள வச்சிக்கிட்டு நீங்க அந்த வீட்டுலதான இருக்கணும்.”