ஆட்சி உறுதி

"இது ஃப்ரீஹோல்டோ, லீஸ்ஹோல்டோ ஐயா?" என்று கேட்டார் லண்டனிலிருந்து வந்தவர்.

நடராசா விழித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே ஹோல்ட், பரந்தன் சந்திக்கு முதல் பஸ் நிற்கிற இடம்தான்.

"சொந்தமா எழுதலாமோ, இல்லாட்டிக் குத்தகையோ எண்டு கேக்கிறன்."

"அதெல்லாம் பிள்ளைக்குத்தான் தெரியும்" என்று மகளைக் காட்டினார் நடராசா.

கௌசலா கதவு நிலையோடு நின்றாள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போய் வந்த முதல் ஆள். வந்தவரைக் கண்ட நேரம் முதல் அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. சுகிர்தன் என்று பெயர் சொன்னார். நாற்பது வயதிருக்கும். ரோட்டோரக் காணி வாங்க வந்த மனிசன் ரோட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. படலை திறந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்ச் சுற்றுக்கட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். வெளியே நின்ற வாடகை வானுக்குள் வேறு யாரோ இருந்தார்கள். இறங்கவில்லை.

"கிணத்தில என்ன பாத்தனீங்கள்?" என்றாள்.

"தண்ணி நல்லமோ எண்டு, தங்கச்சி."

"தண்ணி உள்ளுக்க கிடக்கு. கட்டைத் தடவினால் தெரியுமோ?"

அவர் சிரித்தார். "கட்டுப் புதுசாப் பூசியிருக்கு."

"வெடிச்சிருந்தது. பூசினது. வானுக்குள்ள ஆர்?"

"எங்கட ஆள்தான். தலைச்சுத்தாம். இருக்கட்டும்."

"கௌசலா, வந்த ஆளிட்ட விசாரணை வையாமல் தேத்தண்ணியைப் போடு பிள்ளை" என்றார் நடராசா. காணியின் முன்பாதியை விற்றால் பூசாமல் கிடக்கிற வீட்டை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

குசினிக்குள் வந்த தகப்பனை அவள் மறித்தாள்.

"அப்பா, அவர் விலை கேட்டவரோ?"

"இன்னும் இல்லை."

"காணி வாங்க வந்த ஆள் விலை கேக்கேல்லை. கிணத்தைத் தடவுறார். ரோட்டோரம் முழுக்க வெளிநாட்டுக் காசு விழுங்குது. இண்டைக்குப் பாதி எண்டு வாங்குவினம். நாளைக்கு வேலியைத் தள்ளிப் போடுவினம். ரெண்டு இங்கிலிஸ் சொல்லுச் சொன்னால் நீங்களும் கையெழுத்து வைப்பியள். தை கழியட்டும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"மெல்லக் கதை. கேக்கப்போகுது."

"கேக்கட்டும். இப்ப பாருங்கோ, இவரை எப்பிடி ஓட்டிறன் எண்டு."

தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தாள்.

"அண்ணை, லண்டன் சொல்லுகள் இஞ்ச சரிவராது. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பெர்மிட் காணி எண்டால் அரசாங்கத்தின்ர. நினைச்சபடி விக்கேலாது. உறுதிக் காணி எண்டால் பத்திரத்தோட சொந்தம். விக்கலாம், வாங்கலாம்."

"இது?"

"உறுதிக் காணிதான். ஆனால் உறுதி எங்களிட்ட இல்லை."

நடராசா வாயைத் திறந்தார். கௌசலா விடவில்லை.

"முந்தி இருந்த ஆக்கள் சண்டைக்குள்ள எங்கயோ போயிட்டினம். இருக்கினமோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள்தான் பத்தை வெட்டி, பாம்படிச்சு, வீடு கட்டினது. பத்து வருசம் ஆரும் கேள்வி கேக்காமல் இருந்தால் எங்கட பேருக்கு ஆட்சி உறுதி முடிக்கலாம்."

"பத்து வருசம் ஆச்சோ?"

"வாற தையோடதான் ஆகும்." அவளுக்குத் திருப்தியாக இருந்தது. "அதுக்குள்ள உரிமைக்காரர் உறுதியோட வந்து வழக்குப் போட்டால் எங்களுக்கு ஒண்டுமில்லை. உங்கட காசும் போகும். பிறகு என்ர அப்பாவின்ர கழுத்தைப் பிடிக்க வரக்கூடாது. பளைப் பக்கம் நல்ல காணி கிடக்காம். அங்க போய்ப் பாருங்கோ."

நடராசாவின் முகம் தொங்கிப் போயிற்று. சுகிர்தன் தேத்தண்ணியை அடிவரை குடித்தார். ஆள் முடிந்தார் என்று கௌசலா நினைத்தாள்.

"வடிவா விளங்கப்படுத்திறியள், தங்கச்சி. லோயர் ரெண்டு மணித்தியாலம் கதைச்சும் எனக்கு இது விளங்கேல்லை. தைக்கு முதல் வழக்குப் போட்டாலே காணும், தீர்ப்பு வரவேணும் எண்டில்லை, அப்பிடித்தானே?"

"போட்டாலே காணும். எல்லாம் நிண்டிடும்."

"அப்ப நான் நேரத்துக்குத்தான் வந்திருக்கிறன்." அவர் எழுந்தார்.

கௌசலாவும் எழுந்தாள். "என்ன சொல்லுறியள்?"

"வானுக்குள்ள இருக்கிறது என்ர அம்மா. படலையைக் கண்டதும் இறங்கமாட்டன் எண்டிட்டா. கிணத்தை மட்டும் பாத்திட்டு வா எண்டவா. கட்டுக் கட்டின அண்டு ஈரச் சீமெந்தில கமலாசனி எண்டு தன்ர பேரை எழுதினவாவாம்." அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "நானும் சுத்திவரத் தடவிப் பாத்தன். ஒண்டும் தட்டுப்படேல்லை."

நடராசா மகளைப் பார்த்தார். அந்தப் பெயரின் கடைசி எழுத்தும் மறையும்வரை சீமெந்தைக் குழைத்துக் குழைத்துப் பூசியவள் அவள்தான்.