நான்காம் முறை அடுக்கிய பை

கிடங்கில் லாரி லாரியாகச் சரக்கு அடுக்குகிறவருக்கு ஒரு பிரசவப் பை எம்மாத்திரம்? அப்படித்தான் அவர் நினைத்தார்.

"முதல்ல எது வேணுமோ, அது கடைசியா உள்ள போகணும். அப்பத்தான் மேல இருக்கும். புரியுதா?"

"புரியுதுங்க. நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்றாள் மனைவி சோர்ந்த குரலில்.

"இரு. வீடு திரும்பும்போது கட்டுற சேலை அடியில. உன் நைட்டி, நாப்கின் அதுக்கு மேல. குழந்தைத் துணி... அடடா, அதை அடியில வச்சிட்டேனே."

பையை மறுபடியும் கட்டிலில் கொட்டினார். இது நான்காவது முறை.

"எப்படியாவது திணிச்சு மூடுங்களேன்."

"திணிக்கவா? அப்புறம் பிள்ளை பொறந்ததும் துண்டு எங்கேன்னு பையைக் குடையணும்."

"குடைய வேணாம். பக்கத்துக் கட்டில் அக்கா ஒரு துண்டு குடுத்துட்டாங்க."

அவர் கை அப்படியே நின்றது. துணிகளுக்கு நடுவே ஸ்பீக்கரில் போட்டுக் கிடந்த செல்போனிலிருந்து மெல்லிய அழுகை ஒன்று கேட்டது.

"பொண்ணு பொறந்திருக்குங்க," என்றாள் மனைவி. "காலையில நானும் உங்க தங்கச்சியும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினப்ப, பையோட பின்னாலயே வர்றேன்னீங்க. பொறந்ததைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். நீங்க எங்க பேச விட்டீங்க?"