இரண்டாம் எண் பொத்தான்

டயர் கடையில் ஓட்டுபவனைக் கேட்பார்கள். பணம் கொடுப்பவனைக் கேட்பார்கள். மனம் வந்தால் பக்கத்தில் உட்காருபவளையும் கேட்பார்கள். பின்னிருக்கையில் மடங்கிக் கிடப்பவளை எந்தக் கடையிலும் யாரும் கேட்டதில்லை.

அந்தச் சிவப்புக் காருக்குப் பின்னிருக்கை இருப்பதே ஒரு சம்பிரதாயம். கதவு இரண்டுதான். உள்ளே போனால் முழங்கால் மோவாயில் இடிக்கும். "சும்மா வீட்ல உட்கார்ந்திருக்கிறதுக்கு நானும் வரேன்" என்று அம்மா அதில்தான் வந்திருந்தாள்.

மகன் அவளைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மனைவியின் மேல் வழக்குத் தொடுக்க வந்திருந்தான்.

"ஒரே வருஷம். நாலு டயரும் மொட்டை," என்றான் கடைக்காரரிடம். "காலையில இவளும் எங்கம்மாவும் ஏரிக்கரைக்கு வாக்கிங் போறாங்க. இவதான் ஓட்டுறது. நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஓட்டுற லட்சணம் சரியில்லைன்னா, சாவி இனிமே இவ கைக்குப் போகாது."

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"எனக்குக் கல்லு மாதிரி டயரா கொடுங்க. தேயவே கூடாது."

"அது மழையில வழுக்குமேங்க," என்றாள் மனைவி. "பிடிப்பும் வேணும்."

"ஓட்டினாத்தானே வழுக்கும்? நீதான் ஓட்டப் போறதில்லையே."

அம்மாவை இறக்கி ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்த பிறகு, கார் லிஃப்டில் மேலே ஏறியது. கடைக்காரர் ஒரு டயரின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை உள்ளங்கையை ஓட்டினார். நின்றார். அடுத்த டயருக்குப் போனார். நான்கையும் தடவி முடித்துவிட்டுப் பட்டறையில் இருந்தவர்களை அழைத்து, "தொட்டுப் பாருங்கப்பா" என்றார். அவர்களும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள்.

"அவ்வளவு மோசமா?" மகனின் குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"சார், இது ஏரிக்கரைக்குப் போன டயர் இல்லை. மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவா ஏறி இறங்கியிருக்கு."

மகன் மனைவியைப் பார்த்தான். மனைவி தரையைப் பார்த்தாள்.

"வளைவுல முழு ரப்பரும் வேலை செஞ்சிருக்கு, ஆனா உள்ளே, வெளியே, இடது, வலது எல்லாம் ஒரே அளவு தேய்மானம். இந்தப் பாதையில நான் ஓட்டியிருந்தா அரை வருஷத்துல ரப்பர் கரைஞ்சு உள்நூல் தெரிஞ்சிருக்கும்." கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பந்தய வண்டிக்கெல்லாம் டயர் மாத்தினவன் சார் நான். அங்கேயும் இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை."

மகன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஞாயிற்றுக்கிழமை நானும் ஓட்டுவேன்."

"அதுவும் தெரியுது சார். பதறி பிரேக் அடிச்ச தடம் ஒண்ணு இருக்கு."

அதற்குமேல் கல்லு டயரைப் பற்றி அவன் பேசவில்லை. கடைக்காரரே தேர்ந்தெடுத்தார்.

"நடுவுல கெட்டி ரப்பர், ஓரத்துல மெத்து ரப்பர். நேரே போறப்ப தேயாது, வளையறப்ப கவ்விக்கும். பல வருஷம் உழைக்கும். இந்தக் கைக்கு இதுதான் மரியாதை."

புது டயர்களோடு கார் கீழே இறங்கியது.

"சக்கரம் நேரா நிக்குதான்னு அலைன்மெண்ட் பார்க்கணும். இவ்வளவு தாழ்வான காருக்கு, ஓட்டுறவங்க எடை சீட்ல இருந்தாத்தான் கணக்கு சரியா வரும். உட்காருங்கம்மா."

மனைவி தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள்.

"அது என் சீட் அளவு," என்றான் மகன் பெருந்தன்மையோடு. "சீட் பொத்தான்ல ரெண்டாம் நம்பரை அமுக்கு. ஒண்ணு எனக்கு, ரெண்டு உனக்குன்னு நான்தானே பதிஞ்சு வச்சேன்."

"வேண்டாங்க. இப்படியே இருக்கட்டும்."

அவன் கையை நீட்டித் தானே அமுக்கினான்.

இருக்கை முன்னால் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. பிறகு உயர்ந்தது. மனைவி நெட்டையானவள், முழங்கால்கள் ஸ்டியரிங்கில் முட்டின, தலை கூரையில் இடித்தது. அதற்குப் பிறகுதான் இருக்கை நின்றது.

"இது நீங்க உட்காருற சீட் இல்லையேம்மா," என்றார் கடைக்காரர்.

பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"எழுந்திரு கண்ணு," என்றாள் அம்மா மருமகளிடம். "மாட்டிக்கிட்டோம்."

அம்மா உள்ளே உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. பாதம் பெடலைத் தேடவில்லை. கை ஸ்டியரிங்கில் தானாகப் போய் அமர்ந்தது.

மகன் ஜன்னல் பக்கம் குனிந்தான். "கண் ஆபரேஷன் ஆனதும் உன் காரையே வித்துட்டேனேம்மா."

"ஆமா. கண்ணு தெரியாதப்ப ஓட்ட விட்டே. தெரிஞ்சதும் வித்துட்டே."

"இந்த மலையேத்தமெல்லாம் எப்பக் கத்துக்கிட்டே?"

"நீ சின்னப் பையனா இருந்தப்ப லீவுக்கு லீவு மலைக்குப் போவோமே. நீ பின்னாடி தூங்குவே. உங்கப்பா முன்னாடி தூங்குவார்."

கண் விழிக்கும்போதெல்லாம் கார் பனி சூழ்ந்த உச்சியில் நின்றிருந்தது அவனுக்கு நினைவு வந்தது. 'எங்கப்பா மாதிரி யாராலும் மலையில கார் ஓட்ட முடியாது' என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்ததும் நினைவு வந்தது. அம்மாவின் அந்தச் சின்ன உருவத்தைப் புதிதாகப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு மனைவியிடம் திரும்பினான். "உனக்கு ஓட்டத் தெரியலைன்னு வருஷம் பூராத் திட்டினேன். நீ ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா சாவியை எடுத்துருவீங்க," என்றாள் அவள். "திட்டு எனக்கு ஒண்ணும் பண்ணாது. அத்தைக்கு மலை வேணும்."

அதற்குப் பிறகு அம்மா பின்னிருக்கையில் உட்காரவில்லை. அவள் ஓட்டினாள், மருமகள் பக்கத்தில் இருந்தாள். ஞாயிறுதோறும் முழங்கால் மோவாயில் இடிக்க, மகன் பின்னால் உட்கார்ந்து உச்சிவரை விழித்துக்கொண்டே வந்தான்.