பத்தடி நேர்த்தையல்

"நிறுத்துங்க! அங்க குண்டூசி குத்தியிருக்கு, நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

மனைவி கத்தி முடிப்பதற்குள் தையல் மெஷின் குண்டூசி மேல் ஏறிவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். ஊசி ஒடிந்து, பாதி, அவள் கணவரான பேருந்து ஓட்டுநரின் மடியில் வந்து விழுந்தது.

"இந்த வாரத்துல இது நாலாவது ஊசி" என்றாள் அவள்.

"நாலுதானா? போன வாரம் ஏழு. முன்னேற்றம் தெரியுது பாரு, டீச்சர்!"

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். பத்து மாதமாக வீட்டோடு இருக்கிறார். ஆரம்பத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது பேச வந்தால், தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு வாரத்துக்கு முன்பு ஒருநாள், மனைவி தைத்துக்கொண்டிருந்தபோது மெஷினுக்குக் கீழே இருந்த மோட்டார் பெடலை உற்றுப் பார்த்தார்.

"இது என் வண்டி ஆக்சிலரேட்டர் மாதிரியே இருக்கே! எனக்கும் கத்துக்கொடு."

அன்று பிடித்த பைத்தியம். பல் துலக்கிய கையோடு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். நூல் கோக்காமலே, மகளின் பழைய நோட்டுத் தாள்களில் கோட்டின் மேல் ஊசியை ஓட்டிப் பழகினார். வீட்டில் இருந்த கரித்துணிக்குக்கூட ஓரம் அடித்தாயிற்று. ஒரு தலையணை உறையை நான்கு பக்கமும் தைத்து மூடிவிட்டு, "சரிங்க, தலையணையை எந்த வழியா உள்ள விடறது?" என்று மனைவி கேட்ட பிறகுதான் தலையைச் சொறிந்தார்.

மடிப்பதும் திருப்புவதும் கைக்கு வந்துவிட்டன. வேகம்தான் பிடிபடவில்லை. மெல்ல மிதித்தால் மெஷின் அசையாது. கொஞ்சம் அழுத்தினால் பறக்கும்.

"இடது கால்ல மிதிங்களேன். சுலபமா வரும்."

"முப்பது வருஷமா வலது பக்கம்தான் வேகம் கொடுத்தேன். இனிமேலும் அந்தப் பக்கம்தான்."

"அதுக்குன்னு இப்படியா? எவ்வளவு அழுத்தறோம்னு காலுக்கு ஒரு உணர்ச்சி வேணாம்?"

சொன்னவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவரோ வாய்விட்டுச் சிரித்தார்.

"விடு. கால் சொல்லாட்டி காது சொல்லட்டும். இன்ஜின் சத்தத்தை வச்சே கியர் மாத்தினவன் நான்."

மறுநாளிலிருந்து ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெறும் மெஷினை ஓட்டினார். முனகினால் நிற்கப் போகிறது. சீறினால் வேகம் மீறிவிட்டது. இரண்டுக்கும் நடுவே, மடியில் படுத்த பூனை போல ஒரு குர்ர்ர். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மகளிர் விடுதி வேலை வந்தது. பெரிய கூடத்துக்கு முப்பது திரைச்சீலைகள். ஒவ்வொன்றும் பத்தடி நீளம். பதினைந்து முடிந்ததும் மனைவிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை.

விடுதிக் காப்பாளர் வந்து பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் எனக்குத் திரை வேணும்மா. மிச்சத்தை வேற டெய்லர்கிட்ட கொடுத்துடறேன், தப்பா நினைக்காதீங்க."

மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த விடுதி வேலைக்காக ஒரு வருடம் நடையாய் நடந்தவள் அவள்.

"நான் தைக்கிறேங்க" என்றார் ஓட்டுநர்.

"நீங்களா? எத்தனை வருஷ அனுபவம் சார்?"

"மூணு வாரம்."

காப்பாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஒரே ஒரு திரை. இங்கயே உட்கார்ந்து பாருங்க. கோணலா இருந்தா நானே பிரிச்சு, துணியெல்லாம் அந்த டெய்லர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

உட்கார்ந்தார். துணியை மடித்து ஊசிக்கடியில் நுழைத்தார். முதலில் ஒரு முனகல். பிறகு குர்ர்ர் என்று அதே சத்தம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தடித் துணி ஆற்று நீர் போல அவர் கைகளுக்கு நடுவே வழிந்து போயிற்று. விளிம்புக்கு ஒரு நூல் முன்னால் மெஷின் நின்றது.

காப்பாளர் அந்தத் திரையையும் மனைவி தைத்த ஒன்றையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். தையல் மேல் விரலை ஓட்டினார். திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒன்றை நீட்டி, "இதுதானே அம்மா தைச்சது? தையல் எவ்வளவு நேரா இருக்கு பாருங்க" என்றார்.

"அது அவர் தைச்சது" என்றாள் மனைவி.

மறுநாள் வெயில் சாய்வதற்குள் மீதிப் பதினைந்து திரைகளும் தயார். எடுத்துப் போக வந்த காப்பாளர் வாசலில் நின்று திரும்பினார். "சார், அடுத்த மாசம் முந்நூறு தலையணை உறை இருக்கு. அதையும் நீங்க ரெண்டு பேரும்தான் தைச்சுத் தரணும். உங்க காலுக்கு என்ன ஒரு நிதானம்!"

"தலையணை உறையா? அதுல இவர் பெரிய ஆளுங்க" என்று மனைவி சொல்லவும், ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார்.

காப்பாளர் போனதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுந்து வாங்க, சாப்பிடலாம்."

"ஒரு நிமிஷம். இன்னிக்கு ஜெயிச்சது இவன். முதல்ல இவனுக்குத்தான் ஓய்வு" என்ற ஓட்டுநர், பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டி, வார்களைத் தளர்த்தினார். விபத்தில் போன வலது காலுக்குப் பதிலாகப் பொருத்தியிருந்த அந்தச் செயற்கைக் காலைக் கழற்றி, மாலை போடாத குறையாக மெஷின் மேல் சாய்த்து வைத்தார்.