தூளி

பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டாமலே தாய்சேய் நலத்துறையின் இரண்டு பெண்கள் படுக்கையறைக்குள் வந்தபோது, யாழரசி இருபது நாள் பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த காவல் கண்தான் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. கைக்குழந்தையோடு பெற்றவர்கள் படுக்கிற அறையில் அது இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். இப்போது அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மூத்தவள் அண்ணாந்து பார்த்தாள். "கொக்கி, தொங்குற புடவை, புதுசாப் பெத்தவ. தூக்குன்னு தகவல் அனுப்பியிருக்கும்மா."

"தூக்கா? கண்ணைத் திறந்து பாருங்க! எங்கம்மா புடவையில கட்டின தூளி. உள்ள எம்புள்ள தூங்குது!"

"எனக்குத் தெரியுதும்மா. நானும் தூளியில கிடந்தவதான். அதுக்குத் தெரியலையே."

இளையவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அது வீறிட்டது.

"குடுடி இங்க! தூளி தெரியாத சனியனை எந்த மடையன் செஞ்சான்?"

சிவப்பு இன்னும் அடர்ந்தது. மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "கத்தாதம்மா. கோவத்தையும் அறிகுறின்னு எழுதிக்கும். பச்சை வராம நாங்க பிள்ளையைத் தர முடியாது."

பிள்ளையின் அழுகைக்குப் பால் சுரந்து யாழரசியின் ரவிக்கை நனைந்தது. சுவரை இடித்துத் தள்ள வேண்டும்போல் கை துடித்தது. அவள் பல்லைக் கடித்தாள். கடித்த பல் தெரிய, சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

விளக்கு பச்சையானது.

"தாய் நலம்" என்றது சுவர்.