மாறன் தராத உத்தரவு

"வந்திருக்கிறது யாரு? பேரைச் சொல்லு!" பம்பைக்காரர் இருசப்பன் அதட்டினார்.

தலைமுடி அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்த சிந்துஜா, "மாறன்" என்றாள்.

சந்திரம்மாள் ஓவென்று அழுதாள். மூத்த மகன் மாறன் போய் இரண்டு வருடம். இளையவன் புகழேந்திக்கு அடுத்த வாரம் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால், செத்துப்போனவர்களை அழைத்து உத்தரவு கேட்பது அடி அண்ணாமலையில் அந்தக் குடும்பத்து வழக்கம். வருகிறவர்கள் வீட்டில் யார் மேலாவது இறங்கிப் பேசுவார்கள். இன்று கடைசிப் பெண் சிந்துஜா மேல்.

"மாறா, தம்பி கல்யாணத்துக்கு உத்தரவு குடுப்பா."

"முடியாது."

பம்பை மேளம் நின்றது. புகழேந்தி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏம்பா? பொண்ணு ரேவதிக்கு இன்னா கொறை?" சந்திரம்மாள் பதறினாள்.

"அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. அவ நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன். அம்மா, நான் செத்தது காமாலையில இல்ல. எய்ட்ஸ்ல."

புகழேந்தி திடுக்கிட்டு நிமிர்ந்தான். பட்டப்பகலில் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. அது சின்னப் பெண்ணின் குரலே இல்லை. மாறனின் அதே கரகரப்பு.

"டேய் புகழு! நீ காலேஜ் மொத வருஷம். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல குடிச்சிட்டு, செங்கம் ரோட்டு ரூமுக்கு அந்தப் பொம்பளகிட்டப் போனோமே, மறந்துட்டியா? 'வேணாம்ணா, பயமா இருக்குது'ன்னே. ரெண்டாவது பாட்டில் உள்ள போனதும் பயம் போச்சு, புத்தியும் போச்சு. ஆணுறைன்னு ஒண்ணு இருக்கிறதே நெனப்புல இல்ல. எனக்கு வந்தது உனக்கும் வந்திருக்கலாம்டா. போயி ரத்தத்த டெஸ்ட் பண்ணு. ரேவதிகிட்ட உன் வாயாலயே சொல்லு. அப்புறம் வந்து உத்தரவு கேளு."

சிந்துஜா தடாலென்று விழுந்தாள். அவளைத் தூக்கிப்போய் உள்ளறையில் படுக்க வைத்தார்கள்.

அப்பா ஆதிமூலம் மகனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நெசமாடா?"

புகழேந்தி தலையாட்டினான். பாவம், இத்தனை வருடம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவன் நிம்மதியாகத் தூங்கியதே இல்லை.

"கெளம்பு. மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் பொண்ணு வீடு."

சட்டை மாற்றுகிற சாக்கில் புகழேந்தி உள்ளே போனான். சிந்துஜா அப்போதுதான் கண் விழித்தாள். அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"சிந்து, 'இந்த வருஷம் கல்யாணம் வேணாம்'னு மாறண்ணன் மாதிரி சொல்லுன்னு மட்டுந்தானே நேத்து உனக்குச் சொல்லிக்குடுத்தேன்? ரூம் விஷயம் எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாதே, நீ எப்படிச் சொன்னே?"

சிந்துஜா மலங்க மலங்க விழித்தாள்.

"எந்த ரூமு? பம்பை அடிச்சதுமே கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுண்ணா, விழுந்துட்டேன் போல. கோச்சுக்காத, இப்ப போயி ஆடட்டுமா?"