மூன்றாவது வாதம்

"நாளைக்குக் கட்டுரை குடுக்கணும், இன்னைக்கு வந்து பழைய பேப்பர் கேக்குற!" என்று சிரித்தபடி நூலகர் டோன்யா ஃபெலிசா 1951ஆம் வருடத் தொகுப்பை நீட்டினார்.

மலையில் ஓர் ஊரை மூழ்கடித்து அணை கட்டியது சரியென்று நான் கட்டுரையில் வாதாட வேண்டும். எதிர்த்தரப்பையும் படித்திருப்பதாகக் காட்டினால்தான் பேராசிரியர் மதிப்பெண் போடுவார். வாசகர் கடிதங்களில் ஒன்று அகப்பட்டது.

"நெரேய்டாவின் முதல் இரண்டு வாதங்களை ஏற்கிறேன். தண்ணீர் ஏறியபோது எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை என்ற மூன்றாவது வாதம் தவறு."

நெரேய்டா நான்தான். மூன்றாவதை இன்னும் எழுதவில்லை. காலையில் போன்ஸே நகர வேனில் வரும்போதுதான் தோன்றியது.

"டோன்யா, இவர் யாரு?"

"கீழ முகவரி போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

போட்டிருந்தது: தேவாலயத்துக்கு எதிர்வீடு. என் குறிப்பேட்டின்படி, கடிதத் தேதிக்கு மூன்று வாரம் முன்பே அந்தத் தேவாலயத்தின் மணிக்கூண்டும் மூழ்கியிருந்தது.